எளிமை வேற, இல்லாமை வேற... ஒரு பைசா பத்திரிகையில் சந்தோஷத்தைத் தேடிய அயோத்திதாசர்!

காலை அஞ்சு மணி. உத்தமபாளையம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர் முக்கில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் ஜீப்புக்காகக் காத்திருப்பார்கள். குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, கேரளப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

அதே நேரத்தில் நம்ம போன்ல ஒரு ரீல்ஸ் ஓடிக்கிட்டு இருக்கும். பாதி காலியான வெள்ளை அறை, தரையில் ஒரு பாய், ஓரத்தில் ஒரு செடி, பின்னாடி கண்மூடிய புத்தர் சிலை. பொருளைக் குறைத்தால் சந்தோஷம் தானாக வரும் என்று மெல்லிய குரலில் யாரோ பாடம் எடுப்பார்கள். இதுக்குப் பேரு மினிமலிசம்.

ஜீப்புக்குக் காத்திருக்கும் அக்கா வீட்டிலும் பொருள் கம்மிதான். ரீல்ஸ் அறையிலும் பொருள் கம்மிதான். அப்போ ரெண்டு பேரும் ஒரே அளவு சந்தோஷமா இருக்கணுமே... இருக்காங்களா?

நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கேள்வியின் நடுவில் நின்று வாழ்ந்த ஒரு தமிழர் இருக்கிறார். சித்த மருத்துவர், பத்திரிகை ஆசிரியர், நவீன காலத்தில் தமிழகத்தில் பௌத்தத்தை மீண்டும் பேசவைத்தவர். பேரு, அயோத்திதாசப் பண்டிதர்.

தாத்தா காப்பாற்றிய ஓலைச்சுவடி

1845-ம் ஆண்டு மே 20-ம் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பேரு காத்தவராயன். அப்பா கந்தசாமி. சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட குடும்பம்தான். ஆனால், வீட்டில் தமிழ் இருந்தது, வைத்தியம் இருந்தது, ஓலைச்சுவடிகள் இருந்தன.

அவருடைய தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக வேலை பார்த்தவர். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த திருக்குறள் ஏட்டை ஹாரிங்டன் மூலமாக எல்லீஸ் துரையிடம் சேர்த்தது தன் தாத்தாதான் என்று அயோத்திதாசர் எழுதிவைத்திருக்கிறார். சமையற்கட்டில் வேலை பார்த்தவரின் வீட்டில் திருக்குறள் ஏடு இருந்தது. அந்தப் பெருமிதம் பேரனுக்குக் கடைசிவரை இருந்தது.

காத்தவராயனுக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியரின் பேரு அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர். குரு மீதிருந்த மரியாதையில் அந்தப் பேரையே தன் பேராக மாற்றிக்கொண்டார் மாணவர். தமிழோடு ஆங்கிலம், வடமொழி, பாலி மொழிகளும் பழகினார். சித்த வைத்தியம் கற்றார். அதுவே அவருக்குப் பிழைப்பும் ஆனது.

எடுத்ததுமே புத்தர் இல்லை

குடும்பம் நீலகிரிக்குப் போனது. அங்கே 1870 வாக்கில் அத்வைதானந்த சபை என்ற அமைப்பைத் தொடங்கினார் இளைஞர் அயோத்திதாசர். ஆமாங்க, ஆரம்பத்தில் அவர் நம்பியது அத்வைதத்தை. எல்லா உயிரும் ஒன்று என்கிற தத்துவம் பிடித்திருந்தது. ஆனால், சபைக்கு வெளியே வந்து தெருவில் இறங்கினால் அந்த ஒன்று நூறாகப் பிரிந்து கிடந்தது. எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதையெல்லாம் பிறப்பு முடிவு பண்ணியது.

அதனால் உரிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி ஊட்டியில் மாநாடு நடத்தினார். கல்வி வேணும், அரசு வேலை வேணும், பொதுக் கிணறு குளங்களில் தண்ணீர் எடுக்கத் தடை கூடாது, சாதிப் பேரைச் சொல்லி இழிவுபடுத்தினால் தண்டனை வேணும் என்று தீர்மானங்கள் போனது.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. இந்தப் பட்டியலில் ஆடம்பரம் ஒண்ணுகூட இல்லை. தண்ணீர், படிப்பு, வேலை, மரியாதை. ஒரு மனுஷன் நிம்மதியாக மூச்சுவிடத் தேவையானது மட்டும்தான்.

டவுன் ஹாலில் உடைந்த நம்பிக்கை

அடுத்த வருஷம், 1892. சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் மகாஜன சபைக் கூட்டம். நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் போயிருந்தார். படித்தவர்களும் பெரிய மனிதர்களும் கூடியிருந்த சபையில் எழுந்து நின்று, எங்கள் மக்களை சிவன் கோயிலுக்குள்ளும் பெருமாள் கோயிலுக்குள்ளும் விட்டால் என்ன என்று கேட்டார்.

சபை கொந்தளித்துவிட்டது. ஒரு பிரதிநிதி எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணசாமியும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் இல்லை என்கிற மாதிரி பேசினார். அப்படியானால் அந்தச் சாமிகளே எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குப் படிப்பையும் தரிசு நிலத்தையும் கொடுங்கள் என்ற இடத்துக்கு வந்து நின்றார் அயோத்திதாசர். நடந்ததை எல்லாம் பின்னாளில் தன் பத்திரிகையில் அவரே எழுதினார்.

அப்போது அவருக்கு ஏறக்குறைய 47 வயசு. இத்தனை வருஷம் நம்பிய ஒன்று கண்ணெதிரில் உடைகிறது. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், அதற்கு மூணு வருஷம் கழித்து 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்தது, கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் இறங்கியது. இங்கே வயல் பச்சை பிடிக்க ஆரம்பித்த அதே காலத்தில்தான், அங்கே அவர் தன் மக்களுக்கு ஒரு புது வழியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கொழும்புப் பயணம்

வழி, பழைய தமிழ் நூல்களிலும் நிகண்டுகளிலும் அவர் பார்த்த பௌத்தத்தின் தடங்களில் இருந்து கிடைத்தது. அந்தக் காலத்தில் அடையாற்றில் தியாசஃபிகல் சொசைட்டியை நடத்திக்கொண்டிருந்தார் கர்னல் ஆல்காட். அமெரிக்கர். 1880-லேயே இலங்கையில் பௌத்தத்தை ஏற்றவர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சென்னையில் இலவசப் பள்ளிகள் நடத்தியவர்.

அயோத்திதாசர் அவரைச் சந்தித்தார். 1898-ல் கொழும்பு போய், புகழ்பெற்ற பிக்கு சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். 53 வயசில் ஒரு புது வாழ்க்கை! திரும்பி வந்த கையோடு சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்.

அவர் இதை மதம் மாறியதாகப் பார்க்கவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். தன் மக்கள் ஒரு காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள், அதை இழந்ததால்தான் தாழ்த்தப்பட்டார்கள், ஆகவே இது வீடு திரும்புவது என்பது அவர் வாதம். பூர்வ பௌத்தர்கள் என்ற பேரே அப்படி வந்ததுதான்.

துக்கத்துக்குக் காரணம் என்ன?

பௌத்தத்தின் அடிப்படை ரொம்பச் சின்னது. வாழ்க்கையில் துக்கம் இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது ஆசை. காரணத்தை நீக்கினால் துக்கம் போகும். நீக்குவதற்கு எட்டு அங்கங்கள் கொண்ட ஒரு பாதை இருக்கிறது. அன்றாடம் கடைப்பிடிக்க ஐந்து ஒழுக்கங்கள்: கொல்லாதே, திருடாதே, தவறான உறவு வேண்டாம், பொய் வேண்டாம், போதை வேண்டாம்.

ஒரு வைத்தியருக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. நோய், நோய்க்குக் காரணம், குணமாகும் என்ற நம்பிக்கை, மருந்து... அப்படியே வைத்தியக் கணக்கு!

ஆனால், அயோத்திதாசரின் வைத்தியசாலைக்கு வந்த துக்கம் ரெண்டு வகை. ஒண்ணு, போதாது போதாது என்று அரிக்கும் ஆசையால் வரும் துக்கம். இன்னொண்ணு, அடுத்தவன் ஏற்றிவைத்த துக்கம். குடிக்கத் தண்ணீர் மறுக்கப்பட்டவனிடம் போய் ஆசையைக் குறைத்துக்கொள் என்றால் அது உபதேசம் இல்லை, கேலி.

அவருடைய பௌத்தம் இந்த ரெண்டையும் சேர்த்தே பார்த்தது. உள்ளே பொறாமை, கோபம், போதை குறைய வேண்டும். வெளியே சாதி என்கிற பொய் ஒழிய வேண்டும். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணு நடக்காது. ராயப்பேட்டை சங்கத்தில் தியானம், ஒழுக்கம் பற்றிப் பேசிய அதே வாயால் பள்ளிக்கூடம் பற்றியும் நிலம் பற்றியும் அவர் பேசியது அதனால்தான்.

பட்டினி கிடந்து புத்தரும் பார்த்தார்

எளிமை வேற, இல்லாமை வேற என்பது புத்தரின் கதையிலேயே இருக்கு. அரண்மனையை விட்டு வந்த சித்தார்த்தர் ஆறு வருஷம் உடம்பை வருத்தித் தவம் செய்தார். எலும்பும் தோலுமானதுதான் மிச்சம். கடைசியில் சுஜாதை என்ற பெண் கொடுத்த பால்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போதி மரத்தடியில் உட்கார்ந்தார். அளவுக்கு மீறிய சுகமும் வேண்டாம், அளவுக்கு மீறிய வதையும் வேண்டாம் என்கிற நடுவழி அங்கே பிறந்தது.

பௌத்தக் கதைகளில் இன்னொன்று வரும். ஆளவி என்ற ஊரில் ஒரு ஏழை விவசாயி. புத்தர் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட அன்றைக்குப் பார்த்து அவனுடைய மாடு காணாமல்போய்விட்டது. நாள் முழுக்கத் தேடி, மாட்டைக் கண்டுபிடித்துக் கட்டிவிட்டு, சாப்பிடாமல் ஓடிவந்தான். புத்தர் உடனே பேச்சை ஆரம்பிக்கவில்லை. முதலில் அவனுக்குச் சோறு போடச் சொன்னார். அவன் வயிறு நிறைந்த பிறகுதான் தர்மம் பேசினார். பசிதான் பெரிய நோய் என்பது அந்தக் கதையின் சாரம்.

இல்லறத்தில் இருப்பவர்களுக்குப் புத்தர் சொன்னதாக நாலு சந்தோஷங்களும் உண்டு. நேர்மையாகச் சம்பாதித்த பொருள் கையில் இருப்பது ஒண்ணு. அதைத் தானும் அனுபவித்து, அடுத்தவருக்கும் கொடுப்பது ரெண்டு. கடன் இல்லாமல் இருப்பது மூணு. யாருக்கும் தீங்கு செய்யாத மனசோடு இருப்பது நாலு.

மூணாவதைப் படிக்கும்போது போன் இ.எம்.ஐ, பைக் இ.எம்.ஐ எல்லாம் ஞாபகத்துக்கு வருதா? 2,500 வருஷத்துக்கு முன்னாடியே லிஸ்ட்ல வந்துடுச்சு பாஸ்! நாலிலும் முக்கியமானது அந்தக் கடைசி என்றுதான் பௌத்தம் சொல்கிறது. அதற்காக முதல் மூணைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை.

ஒரு பைசாவுக்கு ஒரு பேப்பர்

1907, ஜூன் 19, புதன்கிழமை. ராயப்பேட்டையில் இருந்து நாலு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை வெளிவந்தது. பேரு, 'ஒரு பைசாத் தமிழன்'. விலையும் ஒரு பைசாதான், அதாவது காலணா. அன்றைக்கு ஒரு ரூபாய்க்கு 64 பைசா. கூலிக்காரரும் வாங்கிப் படிக்கணும் என்பதற்காக விலையையே பேராக வைத்தார் ஆசிரியர். அப்போது அவருக்கு 62 வயசு. ஒரு வருஷம் கழித்து, வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் பேர் 'தமிழன்' என்று சுருங்கியது.

அந்த நாலு பக்கத்துக்குள் அரசியல் இருக்கும், வைத்தியக் குறிப்பு இருக்கும், வரலாறு இருக்கும், புத்தரின் வாழ்க்கை இருக்கும். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழர்கள் படித்தார்கள். பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூலி வேலைக்குப் போனவர்களிடம் போய்ச் சேர்ந்தது. பல ஊர்களில் சங்கத்தின் கிளைகள் முளைத்தன. புத்தரின் வாழ்க்கையையும் போதனையையும் 'ஆதிவேதம்' என்ற நூலாக எழுதினார். திருக்குறளைப் பௌத்த நூலாகவே படித்து, உரையும் எழுதிவந்தார்.

பண்டிகைகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. எள்ளில் இருந்து எண்ணெய் எடுக்கப் பழகி, அதைத் தேய்த்துத் தலைமுழுகிய நாள்தான் தீபாவளி என்றார். ஆமணக்கு எண்ணெயில் விளக்கேற்றியதைக் கார்த்திகை தீபத்தோடு சேர்த்தார். இன்றைய வரலாற்று ஆய்வில் இதெல்லாம் நிற்குமா என்பது தனி விவாதம். ஆனால், அவர் எதைத் தேடினார் என்பது தெளிவு. அசுரனைக் கொன்ற வெற்றிக் கதைக்குப் பதிலாக, ஊருக்குப் பயன்படும் ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம். செலவில்லாத கொண்டாட்டம், யாரையும் தோற்கடிக்காத கொண்டாட்டம்.

திரு.வி.க-வை நடக்கவைத்தவர்

வைத்தியத்தையும் அவர் விடவில்லை. சிறு வயதில் தவறான மருந்தால் கை, கால் முடங்கிப்போன ஒரு ராயப்பேட்டைப் பையனை அயோத்திதாசரிடம் கூட்டிவந்தார்கள். அவருடைய சிகிச்சையில் அந்தப் பையன் தேறினான். பின்னாளில் தமிழ்நாட்டின் தொழிற்சங்கத் தலைவராகவும் தமிழ்த்தென்றலாகவும் கொண்டாடப்பட்ட திரு.வி.கல்யாணசுந்தரனார்தான் அந்தப் பையன். இதைத் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அவரே நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

1914, மே 5. பத்திரிகையை நடத்திக்கொண்டிருக்கும்போதே அயோத்திதாசர் காலமானார். 69-வது பிறந்தநாளுக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருந்தது. குறள் உரை பாதியில் நின்றது. மகன் பட்டாபிராமன் பத்திரிகையைத் தொடர்ந்தார், பிறகு கோலார் தங்கவயலில் இருந்தும் 'தமிழன்' வெளிவந்தது.

அதற்கப்புறம் ரொம்ப காலம் அவரைத் தமிழகம் மறந்தே போனது. அவர் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்று 58 வருஷம் கழித்து, 1956 அக்டோபர் 14-ம் தேதி, நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். அப்போதும் ராயப்பேட்டையின் பண்டிதர் பலருக்கு ஞாபகம் வரவில்லை. 1999-ல் அவருடைய எழுத்துகள் தொகுப்பாக வந்த பிறகுதான் புதிய தலைமுறை அவரைப் படிக்க ஆரம்பித்தது. 2005-ல் தபால்தலை வந்தது. தாம்பரத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பேர்தான். இப்போது கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபமும் இருக்கிறது.

கருப்பணசாமி பாறை வரைக்கும் ஒரு நடை

உத்தமபாளையத்துக்காரங்களுக்குத் தெரிஞ்ச இடம்தான். கருப்பணசாமி கோயில் பாறையில் ரெண்டு வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கு. தலைக்கு மேலே பாம்பு படம் விரித்த உருவம்கூட உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. அடியில் வட்டெழுத்தில் செதுக்கக் காரணமானவர்களின் பேர்கள். அது சமணர்களின் இடம், பௌத்தம் வேறு. ஆனால், கையில் இருப்பதைக் குறைத்து மனசைப் பெரிதாக்கும் வழியை ரெண்டு மதத் துறவிகளும் தேடினார்கள்.

பக்கத்திலேயே கருப்பணசாமி. 1892-ல் டவுன் ஹாலில், உனக்கு அந்தச் சாமி போதும் என்று அயோத்திதாசரின் முகத்துக்கு நேராக எறியப்பட்ட பேர்களில் ஒன்று. இங்கே தீர்த்தங்கரர்களும் அவரும் ஒரே பாறையைப் பங்கு போட்டு இருக்கிறார்கள். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனைப் பையில் போட்டுட்டு அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்க. துறவிகள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை, அது அவர்களே எடுத்த முடிவு. ஜீப்பில் மலையேறும் அக்காவுக்கு அப்படி ஒரு முடிவெடுக்கும் வாய்ப்பை யாரும் தரவில்லை.

அயோத்திதாசரின் வாழ்க்கையில் இருந்து நம்ம எடுத்துக்க வேண்டியது இதுதான். தேவைக்கு மேல் வாங்காமல் இருக்கலாம், கடனைக் குறைக்கலாம், அடுத்தவரைப் பார்த்து வயிறெரிவதை நிறுத்தலாம். நிச்சயமாக மனசு லேசாகும். ஆனால், எளிமையைப் பற்றி அடுத்தவருக்குப் பாடம் எடுக்கும் முன்னாடி, அவர் சாப்பிட்டாரா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுடுங்க.